உப்புக்கடலில் ரீல் மக்கர் செய்தால் எங்கிருந்து பார்ப்பது?

தொண்டியிலிருந்து மண்டபம் வரை பாக் நீரிணைக் கரை, பாம்பனைத் தாண்டினால் தனுஷ்கோடி, இந்தப் பக்கம் மன்னார் வளைகுடாக் கரையில் சேதுக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம். இங்கெல்லாம் முழங்கால் தண்ணீரில் இறங்கி லேசான ராடு போட்டு பாரை, ஊளி, முரல், கொடுவா தேடுபவர்களுக்கு வரும் கோளாறுகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். காய்ந்து படியும் உப்பு, பொடி மணல், ஓயாத காற்று என்ற மூன்றுக்குள் முக்கால்வாசி அடங்கிவிடும்.

கீழே சொல்வது 3000 அல்லது 4000 அளவு ஸ்பின்னிங் ரீல், 7 முதல் 8 அடி ராடு, பிஇ (நூல் தடிமனைச் சொல்லும் எண்) 1 முதல் 2 வரை பிரெய்டு (பல இழை பின்னிய நூல்), 20 முதல் 40 பவுண்டு லீடர் (பிரெய்டின் நுனியில் கட்டும் ஒற்றை இழை) என்ற செட்டுக்குப் பொருந்தும். ஃபிளை (இறகுத் தூண்டில்) லைனுக்குத் தனியாக ஒரு பகுதி இருக்கிறது.

எந்தக் கோளாறானாலும் வெளியிலிருந்து உள்ளே போங்கள். முதலில் நூல், பிறகு கைடு (ராடில் நூல் போகும் வளையம்), ரோலர், ஸ்பூல் (நூல் சுற்றியிருக்கும் உருளை), டிராக் (மீன் இழுத்தால் நூலை விட்டுக்கொடுக்கும் பிரேக்). ரீலின் பாடியைத் திறப்பது கடைசி வேலை. கரகரவென்று சத்தம் கேட்டதும் ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் பாடியைப் பிரிப்பவர்கள்தான் சின்னச் செலவைப் பெரிய செலவாக்கிக்கொள்கிறார்கள்.

கையில் இருக்க வேண்டியவை: தையல் மெஷின் எண்ணெய், டிராக் கிரீஸ், நீர் தாங்கும் கிரீஸ், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பஞ்சு, பழைய டூத் பிரஷ், தொங்கவிட்டு எடை பார்க்கும் சின்ன டிஜிட்டல் தராசு. தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாள்பட்டால் பிசுபிசுத்து மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். டபிள்யூடி-40 அடித்தால் சத்தம் அப்போதைக்கு அடங்கும், ஆனால் உள்ளே இருக்கும் கிரீஸையும் கரைத்துவிடும். பெட்ரோலில் கழுவினால் பிளாஸ்டிக்கும் ரப்பர் சீலும் கெடும்.

## சுற்றும்போது கரகர என்கிறது

முதலில் ஒரு கேள்வி: லூர் (செயற்கை இரை) தண்ணீரில் இழுபடும்போது மட்டும் சத்தமா, வெறும் ரீலைச் சுற்றினாலும் சத்தமா?

இழுவை இருக்கும்போது மட்டும் என்றால் லைன் ரோலரைச் சந்தேகியுங்கள். பெயில் கம்பியின் முனையில் நூல் மடங்கிப் போகும் அந்தச் சின்ன உருளைதான் தண்ணீரில் அதிகம் நனைவது, முதலில் உப்பு பிடிப்பதும் அதுவே. ரோலரின் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். நூலை விறைப்பாகப் பிடித்தபடி ஹாண்டிலை மெதுவாகச் சுற்றுங்கள். புள்ளி உருண்டு மறைந்து மறைந்து வந்தால் ரோலர் ஓடுகிறது. புள்ளி நின்ற இடத்திலேயே நிற்க, நூல் மட்டும் அதன்மேல் உரசிப் போனால் உப்பில் இறுகிவிட்டது.

பெரும்பாலான ரீல்களில் ரோலரைக் கழற்ற ஒரே ஒரு ஸ்க்ரூ. வெள்ளைத் துணி விரித்து, பாகங்களைக் கழன்று வரும் வரிசையிலேயே வைத்து, போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் மெல்லிய வாஷரைத் தொலைத்தால் சரியாகப் பூட்டினாலும் ரோலர் ஓடாது. பேரிங்கை ஆல்கஹாலில் ஊறவைத்து, உலர்த்தி, ஒரு துளி எண்ணெய் விடுங்கள். அப்படியும் விரலில் உருட்டினால் நெறுநெறுத்தால் பேரிங்கை மாற்றத்தான் வேண்டும். உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் என்ற 3 அளவும் பொருந்துகிற ஸ்டெயின்லெஸ் பேரிங் வாங்கினால் போதும். ரோலரின் மேல்பரப்பில் நூல் வெட்டிய பள்ளம் நகத்தில் தட்டுப்பட்டால் ரோலரையே மாற்றுங்கள்.

வெறுமே சுற்றினாலும் சத்தம் என்றால் ஸ்பூலைக் கழற்றிவிட்டுச் சுற்றுங்கள். சத்தம் நின்றுவிட்டால் கோளாறு ஸ்பூல் அடியில் ஏறிய மணல். துடைத்து, தண்டில் லேசாக எண்ணெய் தடவினால் முடிந்தது. தனுஷ்கோடியில் காற்றடிக்கும் நாளில் ரீலை மணலில் சாய்த்து வைத்தாலே இது வந்துவிடும்.

நிற்கவில்லையா? கண்ணை மூடிக்கொண்டு ஹாண்டிலை மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றி, உறுத்தல் எத்தனை முறை வருகிறதென்று கையால் உணருங்கள்.

- ஒரு சுற்றுக்கு ஒரே முறை என்றால் கோளாறு ஹாண்டில் பக்கம்: அந்தப் பக்கப் பேரிங் அல்லது பெரிய பல்சக்கரம். ஹாண்டிலைக் கழற்றி இரண்டு பக்கப் பேரிங்கிலும் ஒரு துளி எண்ணெய் விட்டுப் பாருங்கள்.
- ஒரு சுற்றுக்கு 5, 6 முறை என்றால் ரோட்டர் (ஸ்பூலைச் சுற்றி வரும் பாகம்) பக்கம்: பினியன் (அதைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரம்) அல்லது அதன் பேரிங். ஹாண்டில் ஒரு சுற்று வரும்போது ரோட்டர் அத்தனை சுற்று வருவதால்தான் இந்தக் கணக்கு. இதற்கு ரோட்டரை இறக்க வேண்டும்.

டாய்வா ரீல்களில் மேக்சீல் உள்ள இடங்களில் எண்ணெய் விடாதீர்கள். அங்கே சீலாக நிற்பது காந்தத்தால் பிடித்து வைக்கப்பட்ட ஒரு தனி எண்ணெய். வேறு எண்ணெய் கலந்தால் சீல் போய்விடும்.

சர்வீஸ் ஆளிடம் கொடுக்க வேண்டிய கட்டம்: ரோலர், ஸ்பூல், ஹாண்டில் மூன்றையும் பார்த்த பிறகும் உறுத்தல் இருந்தால். இன்னொன்று, ரீல் முழுதாகக் கடலில் முங்கினால் சத்தம் வரும்வரை காத்திருக்காதீர்கள். அன்றைக்கே நல்ல தண்ணீரில் அலசி, மறுநாளே அனுப்புங்கள். உள்ளே போன உப்புத் தண்ணீர் பேரிங்கைத் துருப்பிடிக்க வைக்க நாள் கணக்குதான் ஆகும். அரித்த பல்சக்கரத்தை மாற்றும் செலவு பல நேரம் ரீல் விலையில் பாதியைத் தொட்டுவிடும்.

## மீன் மாட்டியதும் நூல் அறுந்து போகிறது

மிச்சமிருக்கும் நூல் முனையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். என்ன நடந்தது என்பதை அந்த அரை அங்குலமே சொல்லிவிடும். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

முனை சுருண்டிருக்கிறது: முடிச்சு நழுவியிருக்கிறது. லீடருக்குப் போடும் ஃபுளோரோகார்பன் இழை வழுக்கும், விறைப்பும் அதிகம். இறுக்கும்போது எச்சிலோ தண்ணீரோ தொட்டு நனைத்து, நிதானமாக இறுக்கி, முனையில் 2 மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்கள். காய்ந்த நிலையில் வெடுக்கென்று இழுத்தால் உரசல் சூட்டிலேயே பலம் போய்விடும்.

கத்தியால் வெட்டியது போலச் சுத்தமாக இருக்கிறது: பல். ஊளியும் முரலும் நிறைந்த இடத்தில் 30 பவுண்டு லீடர் நிற்காது. 4 முதல் 6 அங்குலம் மெல்லிய ஸ்டீல் வயர் கட்டுங்கள். முரல் மட்டும்தான் தொல்லை என்றால் லீடரை 50 பவுண்டுக்கு ஏற்றினாலும் பல நேரம் சமாளிக்கலாம். வயர் கட்டினால் பாரை கொத்துவது குறையும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பஞ்சு பஞ்சாகப் பிரிந்திருக்கிறது: உரசல். லீடர் பிரிந்திருந்தால் பாரிலோ (கடலடிப் பாறைத் திட்டு) சிப்பி ஒட்டிய கல்லிலோ தேய்ந்திருக்கிறது, லீடரை ஒரு கை அளவு நீட்டுங்கள். பிரெய்டே பிரிந்திருந்தால் கைடைப் பாருங்கள். ஒரு பஞ்சுத் துணுக்கை ஒவ்வொரு கைடு வளையத்திலும் விட்டுச் சுழற்றுங்கள். எங்கே பஞ்சு மாட்டுகிறதோ அங்கே பீங்கான் வளையத்தில் விரிசல். முக்கியமாக நுனிக் கைடு, ராடைச் சுவரில் சாய்த்து வைக்கும்போது அடிபடுவது அதுதான். நுனிக் கைடை மாற்றுவது எளிது: லைட்டரால் லேசாகச் சூடுகாட்டினால் பசை இளகிக் கழன்றுவிடும், ஆனால் சூடு கார்பன் மேல் படக் கூடாது. நடுக் கைடு என்றால் நூல் சுற்றி எபாக்ஸி பூச வேண்டும், ராடு கட்டுபவரிடம் கொடுங்கள்.

பிரெய்டும் லீடரும் சேரும் முடிச்சில் அறுந்திருக்கிறது: எஃப்ஜி முடிச்சு போடத் தெரிந்தவர்கள் ஒவ்வொரு முறை இறங்கும் முன்னும் புதிதாகப் போடுங்கள். தெரியாதவர்கள் டபுள் யூனி போடலாம், பிரெய்டு பக்கம் 8 சுற்று, லீடர் பக்கம் 4 சுற்று. கடற்கரையில் காற்றில் நின்று அரைகுறையாகப் போட்ட எஃப்ஜியைவிட வீட்டில் ஒழுங்காகப் போட்ட டபுள் யூனி மேல்.

முதல் ஓட்டத்திலேயே, டிராக் சத்தமே வராமல் அறுந்தது: டிராக் பிடித்திருக்கிறது. அடுத்த பகுதி.

## டிராக் விட்டு விட்டு இழுக்கிறது, அல்லது வழுக்குகிறது

ஆழமில்லாத தண்ணீரில் பாரை கீழே போக இடமில்லாமல் நேராக ஓடும். ஒரே மூச்சில் 40, 50 மீட்டர் எடுக்கும். அந்த முதல் நொடியில் டிராக் தயங்கினால் நூல் போயிற்று.

சோதனை இதுதான். நூலைக் கைடுகளில் கோத்து, நுனியில் தராசைக் கட்டி, ராடை 45 டிகிரி சாய்த்து ஒருவர் பிடிக்க, இன்னொருவர் தராசை இழுக்கட்டும். ஸ்பூல் நகரத் தொடங்கும் எடையையும் ஓடிக்கொண்டிருக்கும்போது காட்டும் எடையையும் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் நல்லது. தொடங்க 3 கிலோ, ஓட 2 கிலோ என்றால் டிராக் ஒட்டுகிறது.

எவ்வளவு வைப்பது? நூலும் முடிச்சும் தாங்கும் எடையில் கால் பங்கு. 20 பவுண்டு நூல் என்றால் சுமார் 9 கிலோ, ஆகவே 2 முதல் 2.3 கிலோ. கையால் இழுத்துப் பார்த்து வைப்பவர்கள் அநேகமாக ஒன்றரை மடங்கு இறுக்கித்தான் வைக்கிறார்கள்.

ஒட்டினால்: எளிய காரணம், டிராக்கை இறுக்கியபடியே பல நாள் வைத்திருந்தது. முழுதும் தளர்த்திவிட்டு, ஸ்பூலிலிருந்து 20, 30 மீட்டர் நூலைக் கையால் இழுத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். சரியாகாவிட்டால் டிராக் நாப்பைக் கழற்றி, ஸ்பூலுக்குள் இருக்கும் வளையக் கம்பியை எடுத்து, வாஷர்களை வரிசை மாறாமல் வெளியே எடுங்கள். உலோக வாஷரில் பழுப்புக் கறையோ வெள்ளை உப்போ இருந்தால் ஆல்கஹாலில் துடையுங்கள். கார்பன் வாஷருக்கு டிராக் கிரீஸை விரலால் தடவித் துடைத்தெடுத்த அளவு போதும். ஃபெல்ட் வாஷருக்குக் கொஞ்சம் தாராளமாகத் தடவலாம். தட்டையாக அமுங்கி ஓரம் கிழிந்த ஃபெல்ட்டை மாற்றிவிடுங்கள். சாதாரண கிரீஸ் எந்த வாஷருக்கும் ஆகாது.

வழுக்கினால்: வாஷரைக் குறை சொல்லும் முன் நூலைப் பாருங்கள். பிரெய்டை நேராக ஸ்பூலில் கட்டியிருந்தால் டிராக் நாப் எவ்வளவு இறுகியிருந்தாலும் நூல் கட்டு மொத்தமாக ஸ்பூல்மேல் சுழலும். ஸ்பூல் விளிம்பிலும் நூலிலும் ஒரே நேர்கோட்டில் பேனாவால் குறியிட்டு இழுங்கள். குறிகள் விலகினால் அதுதான் கோளாறு. அடியில் 5 முதல் 10 மீட்டர் தங்கூசி (நைலான் ஒற்றை இழை) சுற்றி, அதன்மேல் பிரெய்டைக் கட்டினால் தீர்ந்தது.

வாஷர் புதிது, நூலும் நழுவவில்லை, அப்படியும் பிடிமானம் இல்லையென்றால் டிராக் நாப்பின் ஸ்பிரிங்கோ தண்டின் மறையோ போயிருக்கும். அது சர்வீஸ் வேலை.

## ஹாண்டில் பின்பக்கமாகச் சுற்றுகிறது

இதை வைத்துக்கொண்டு கடலில் இறங்காதீர்கள். மீன் இழுக்கும்போது ஹாண்டில் எதிர்த்திசையில் சுழன்று விரல் முட்டியில் அடிக்கும்.

ரீலின் அடியில் ரிவர்ஸ் நெம்புகோல் இருக்கும் பழைய மாடல் என்றால் அது தெரியாமல் நகர்ந்திருக்கிறதா பாருங்கள். அப்படி ஒன்று இல்லையென்றால் அநேகமாக ஒரே காரணம்தான்: ஒருபக்க கிளட்சுக்குள் கிரீஸ் புகுந்திருக்கிறது. அதிலுள்ள சின்ன உருளைகள் காய்ந்த நிலையில் தண்டைக் கவ்விப் பிடிக்க வேண்டியவை. கிரீஸ் பட்டால் வழுக்கும். “நல்லாப் போட்டாத்தான் நல்லா ஓடும்” என்று உள்ளே கிரீஸை அப்பியதன் விளைவு இது.

ரோட்டரைக் கழற்றும்போது நட்டைப் பூட்டும் சின்ன ஸ்க்ரூவையோ தகட்டையோ முதலில் எடுக்க வேண்டும். சில மாடல்களில் அந்த நட்டின் மறை எதிர்ப்பக்கமாக இருக்கும், முரட்டுத்தனமாகத் திருகாதீர்கள். கிளட்சைப் பிரிக்காமல் முழுதாக ஆல்கஹாலில் அலசி, உலர்த்தி, மெல்லிய எண்ணெயை ஊசி முனையால் தொட்டு வையுங்கள். பிரித்தால் உருளைகளும் தலைமுடி போன்ற ஸ்பிரிங்குகளும் சிதறும், திரும்பக் கோப்பது சாமானிய வேலை இல்லை. அலசியும் வழுக்கினால் கிளட்சை முழுதாக மாற்ற வேண்டும்.

## எறிந்தால் சிக்கு விழுகிறது

காற்று. கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் மன்னார் வளைகுடாப் பக்கம் முகத்திலும் பக்கவாட்டிலும் அடிக்கும், பாக் நீரிணைப் பக்கம் முதுகில் அடிக்கும். வாடை தொடங்கினால் நேர்மாறு. தனுஷ்கோடிச் சாலையில் நிற்பவருக்கு இரண்டு கடலும் இரண்டு பக்கம். ரீலைக் கழற்றும் முன் சாலையைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நாலு எறி எறிந்து பாருங்கள்.

பழக்கம். லூர் விழுந்ததும் ஹாண்டிலைச் சுற்றி பெயிலை மூடினால் தளர்ந்த நூல் ஒரு வளையமாக ஸ்பூலில் சேரும், அடுத்த எறியில் அது மொத்தக் கட்டையும் இழுத்துக்கொண்டு வரும். பெயிலைக் கையால் மூடி, நூலை ஒரு தடவை விறைப்பாக இழுத்துவிட்டுச் சுற்றுங்கள். சிக்குகளில் பாதிக்கு மேல் இதிலேயே நின்றுவிடும்.

நூலின் அளவு. ஸ்பூல் விளிம்புக்குக் கீழே ஒன்றரை முதல் 2 மில்லிமீட்டர் காலியாக இருக்க வேண்டும். அதற்குமேல் நிரம்பினால் சிக்கு, ரொம்பக் குறைந்தால் தூரம் போகாது.

முறுக்கு. சுழலும் ஸ்பின்னரை ஸ்விவல் (தனியே சுழலும் இணைப்பு) இல்லாமல் போட்டாலும், ரோலர் ஓடாமல் நின்றாலும் நூல் முறுக்கேறும். வள்ளத்தில் போகும்போது லூரையும் ஸ்விவலையும் வெட்டிவிட்டு 50, 60 மீட்டர் நூலைப் பின்னால் மிதக்கவிட்டால் முறுக்கு தானே கழன்றுவிடும்.

விழுந்த சிக்கைப் பிரிக்கும்போது இழுத்து இறுக்காதீர்கள். வெளி வளையங்களை நகத்தால் ஒவ்வொன்றாகத் தளர்த்துங்கள். 5 நிமிடத்தில் பிரியாவிட்டால் வெட்டிவிடுங்கள். வெட்டிய பிரெய்டைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். அது மக்காது, ஆமைக் கழுத்திலும் பறவைக் காலிலும் போய் இறுகும்.

## கொத்துகிறது, மாட்டவில்லை

முள்ளின் முனையைக் கட்டைவிரல் நகத்தில் சாய்த்து வைத்து இழுங்கள். பதிந்து நின்றால் கூர். வழுக்கினால் மழுங்கல், சின்ன அரத்தால் முனையை நோக்கித் தீட்டுங்கள். துருப்பிடித்த முள்ளைத் தீட்டிப் பயனில்லை. துருமுள்ளை மற்றவற்றோடு ஒரே பெட்டியில் போட்டால் மற்றவையும் கெடும்.

கடற்புல் அடர்ந்த இடத்தில் ஒவ்வொரு இழுப்புக்கும் புல் வருகிறதென்றால் மூமுள்ளைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் போடுங்கள். பாசி மிதவையும் நண்டு வலையும் கிடக்கும் பக்கம் எறியவே வேண்டாம், அது அடுத்தவர் பிழைப்பு.

லூர் பாரில் மாட்டினால் ராடை வளைத்து இழுக்காதீர்கள். ராடு உடைவதும் பல்சக்கரம் பல் போவதும் அப்போதுதான். ராடை நூலுக்கு நேராகப் பிடித்து, ஒரு கட்டையில் நூலைச் சுற்றிப் பின்னால் நடங்கள். பிரெய்டை வெறுங்கையில் சுற்றினால் சதை அறுந்துவிடும். மன்னார் வளைகுடாத் தீவுகள் 21ம் 1986 முதல் தேசியப் பூங்கா. அந்தப் பக்கம் போகாமலிருப்பதே முறை.

## ஃபிளை லைன் ஒட்டுகிறது, நுனி முங்குகிறது

குளிர்நாட்டு லைன் இங்கத்திய வெயிலில் இளகிக் கைடில் ஒட்டும். இதற்கு மருந்து கிடையாது, வெப்பமண்டலப் பூச்சு உள்ள லைன்தான் வாங்க வேண்டும். 9 அடி, 8 வெயிட் ராடுக்கு அதுவே முதல் செலவாக இருக்கட்டும்.

சரியான லைனும் ஒட்டினால் அழுக்கும் உப்பும். வாளியில் வெதுவெதுப்பான தண்ணீரும் கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்பும் கலந்து, லைனை அதில் போட்டு, மென்துணிக்குள் விட்டு இழுத்து, நல்ல தண்ணீரில் அலசுங்கள். சன்ஸ்கிரீன், கொசு மருந்து தடவிய கையால் லைனைத் தொட வேண்டாம், அது பூச்சை அரிக்கும். சுருள் சுருளாக நின்றால் 3 மீட்டர் 3 மீட்டராக இரு கையாலும் மெதுவாக இழுத்து நீட்டுங்கள்.

நுனி மட்டும் முங்கினால் நுனி வளையத்தில் விரிசல் விழுந்து உள்நூல் தண்ணீர் குடிக்கிறது. அந்தத் துண்டை வெட்டிப் புது வளையம் போடலாம். நடுவிலேயே விரிசல் தெரிந்தால் லைன் முடிந்தது.

லீடரில் தானாக விழும் ஒற்றை முடிச்சை அலட்சியப்படுத்தாதீர்கள். நாலு எறிக்கு ஒரு முறை விரலால் உருவிப் பாருங்கள். தட்டுப்பட்டால், இறுகியிருந்தால், அந்தப் பகுதியை மாற்றிவிடுங்கள்.

## ராடு துண்டுகள் பிரியவில்லை

இணைப்பில் உப்பு காய்ந்திருக்கிறது. முறுக்காதீர்கள், கைடைப் பிடித்துத் திருகவே கூடாது. இணைப்பில் நல்ல தண்ணீரை ஊற்றிக் கால் மணி நேரம் விடுங்கள். பிறகு இரண்டு பேர் எதிரெதிரே நின்று, ஒவ்வொருவரும் இரண்டு துண்டிலும் ஒரு கை வைத்து, நேராக இழுங்கள். அசையாவிட்டால் உள்ளே நுழையும் துண்டின் மேல், இணைப்பை ஒட்டி ஐஸ் கட்டியை வைத்து, சுருங்கியதும் இழுங்கள். அதற்கும் வராத ராடு கட்டுபவர் கைக்குப் போகட்டும். அடுத்த முறைக்கு உள்துண்டில் வெள்ளை மெழுகுவத்தியை லேசாகத் தேய்த்து வையுங்கள்.

## சர்வீஸ் செய்தும் மறுபடி அதே கோளாறு

அப்படியென்றால் கழுவும் முறைதான் தப்பு. நம் பக்கத்தில் பல ஊர்களில் போர் தண்ணீரே உப்பு. அதில் கழுவிக் காயவைத்தால் உப்பின் மேல் உப்பு. குடிக்கிற தண்ணீரில் 2 லிட்டர் தனியாக எடுத்து வையுங்கள், ஒரு ரீலுக்கும் ராடுக்கும் அது தாராளம். தனுஷ்கோடியில் மணலைத் தோண்டி ஊறவைத்த தண்ணீரைக் கேட்காதீர்கள், அது அங்குள்ளவர்கள் குடிப்பது.

டிராக்கை முழுதாக இறுக்கிக்கொண்டு, செம்பால் மெதுவாக ஊற்றுங்கள். ஹோஸ் வைத்துப் பீய்ச்சினால் வெளியில் இருக்கும் உப்பைத்தான் உள்ளே தள்ளுகிறீர்கள். வாளியில் முக்குவதும் கூடாது. ரோலரை விரலால் உருட்டியபடி அதன்மேல் ஒரு தடவை தனியாக ஊற்றுங்கள். உதறி, துடைத்து, டிராக்கை முழுதும் தளர்த்தி, ஹாண்டில் கீழே தொங்கும்படி நிழலில் காயவிடுங்கள். காய்ந்த பிறகு ரோலருக்கும் ஹாண்டில் குமிழுக்கும் ஒவ்வொரு துளி எண்ணெய். இதையெல்லாம் அன்று ராத்திரியே செய்துவிட வேண்டும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அதற்குள் உப்பு காய்ந்து இறுகிவிடும்.